நூல் கட்டிய பப்பாசிக்காய்

மகளுக்கு டெங்கு வந்து போய் ஒரு வருடமாகப் போகிறது. இன்னும் அவள் காலையில் கொஞ்சம் கூடுதலாகப் படுத்திருந்தால் என் கை தானாக அவளது நெற்றிக்குப் போகிறது. ஆஸ்பத்திரியில் அவள் கிடந்த நாட்களில், பார்க்க வந்த எல்லோரும் பப்பாசி இலைச் சாறு கொண்டுவந்தார்கள். டாக்டர் வேண்டாம் என்றார். கொடுக்கவும் பயம், கொடுக்காமல் விடவும் பயம். எங்கள் வளவுப் பப்பாசி அப்போதுதான் பூத்திருந்தது. பிள்ளை எழும்பி நடந்தால் அதன் முதல் காய்கள் பள்ளிவாசலுக்கு என்று நிய்யத்து வைத்தேன்.

அவள் எழும்பினாள். பல்கலைக்கழகத்தில் அரை வருடப் படிப்பு போயிருந்தது. இறுதியாண்டு ஆராய்ச்சிக்கு அவள் எடுத்ததும் அந்தப் பப்பாசியைத்தான்.

“எல்லாரும் குடி குடி எண்டாங்க. அதுக்குள்ள என்ன கிடக்கு எண்டு ஒருக்கா பாப்பமே உம்மா.”

விடுமுறையில் வந்து இலைகளைப் பறித்து, மேல்மாடியில் நிழலில் காயவைத்து அரைத்தாள். காய்களும் அதே மரத்தில் எடுக்க வேண்டுமாம். முற்றிய காய் ஒன்றுக்கும் பழுக்கத் தொடங்கிய செங்காய் ஒன்றுக்கும் சிவப்பு நூல் கட்டினாள். சனிக்கிழமை பறித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, ஞாயிறு பஸ்ஸில் கொண்டுபோக ஏற்பாடு. ஆய்வுகூடத்தில் அவளுக்குக் கிடைத்த முறை திங்கட்கிழமை. அது தவறினால் இன்னுமோர் அரை வருடம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்த என் கணவர் சந்தோஷமாகச் சொன்னார்: “உன்ட நிய்யத்து முடிஞ்சி. ரெண்டு காயும் ஏலத்துல நல்லாப் போச்சு.”

“எந்த ரெண்டு?”

“நூல் கட்டிக் கிடந்ததுதான்.”

பள்ளிவாசலுக்கு நேர்ந்த காயை யாரும் தவறிப் பறித்துவிடாமல் அதில் ஒரு நூலைக் கட்டிவிடுவது எங்கள் ஊர் வழக்கம். தொழுகைக்குப் பிறகு அதைப் பள்ளியிலேயே ஏலம் விடுவார்கள். நான் கட்டிய நூல் என்று அவர் நினைத்துவிட்டார்.

“வாப்பா, அது என்ட ஆராய்ச்சிக் காய்,” என்று மட்டும் மகள் சொன்னாள். மரத்தில் முற்றிய காய் இன்னும் இருந்தது. செங்காய் வேறு இல்லை.

இனி இவள் போகமாட்டாள் என்று என் மனம் சட்டென்று இலேசானது. அரை வருடம் வீட்டில், என் கண் முன்னால். பிறகு அவளைப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தபோது இருந்த அதே முகம். அபாயாவை எடுத்து மாட்டினேன்.

“எழும்பு மகள். ஆரு எடுத்த எண்டு வாப்பாக்கிட்டக் கேளு.”

எடுத்தவர் பின்வீதியில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர். அவரது மனைவிதான் கதவைத் திறந்தா; அவவின் பிள்ளைகள் என்னிடம் படித்தவர்கள். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தா.

“பள்ளிக்குக் குடுத்தத டீச்சர் திருப்பிக் கேக்க வந்திருக்கா. காய் அடுப்புல ஆணத்துக்குள்ள கொதிக்குது. சட்டியோட கொண்டு போறீங்களா?”

“செங்காய்?” என்றாள் மகள்.

“அது பழுக்கட்டும் எண்டு அரிசி வாளிக்குள்ள தாட்டிருக்கன்.”

வாளிக்குள் கைவிட்டு எடுத்தா. நூல்கூட அப்படியே இருந்தது. எனக்கு அப்போதுதான் தயக்கம் வந்தது. “நேர்ந்த காய் ராத்தா. நான் திருப்பி எடுக்கலாமா?”

“நீங்க எங்க எடுக்கிற? ஏலத்துல எடுத்தது நாங்க. இப்ப எங்கட காய். எங்கட காய நாங்க புள்ளைக்குக் குடுக்கம். நீங்க நடுவால வராதீங்க.” மகளிடம் காயைக் கொடுத்துவிட்டு, “ஆணத்திலயும் கொஞ்சம் தாறன். வாப்பாக்குக் குடு. அவர்தானே பறிச்சவர்,” என்றா.

ஞாயிறு காலை பஸ் ஏற்றிவிட்டேன்.

திங்கள் பின்னேரம் வீடியோவில் அழைத்தாள். வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாள். இலைத் தூளைக் கொதிக்கவைத்து வடித்த நீரைக் கண்ணாடிக் குழாயில் குலுக்கிக் காட்டினாள். நுரை எழுந்து அடங்காமல் நின்றது. நுரை நின்றால் அதில் சபோனின் என்றொரு பொருள் இருக்கிறதாம். செங்காய்ச் சாற்றின் நுரை உடனே இறங்கிவிட்டது.

“அப்ப இலைதான் நல்லமா? காய்ச்சலுக்குக் கேக்குமா?”

“உம்மா, என்ன கிடக்கு எண்டுதான் நான் பாக்கன். கேக்குமா எண்டு சொல்ல இது காணாது. இன்னும் எவ்வளவோ கிடக்கு.”

குழாய்களைப் பற்றி நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவளும் சலிக்காமல் சொன்னாள். பின்னால் யாரோ கூப்பிட, சிரித்துக்கொண்டு வைத்துவிட்டாள். காய்ச்சல் ஏதும் இருக்கிறதா என்று கேட்காமல் விட்டது பிறகுதான் நினைவுக்கு வந்தது. திருப்பி அழைக்கவில்லை.