அட்டையைப் பார்த்து வாங்கிய நாகலோகம்

கமலாட்சி யாரையும் நம்பமாட்டாள். பஸ்ஸில் நிற்பவர்களின் பையை உட்கார்ந்திருப்பவர்கள் மடியில் வாங்கிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். அவள் என் பையைக்கூட வாங்கியதில்லை. இத்தனைக்கும் தோட்டத்து லயத்தின் வரிசை அறைகளில் அவளுடையது என் பக்கத்துக் காம்பரா. எனக்குக் கோபம் வரும்தான். ஆனால் யாரோ கொடுத்த பார்சலைச் சுமந்ததற்காக அவள் தம்பியை ஆர்மிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். எலும்பும் தோலுமாகத்தான் திரும்பி வந்தான். அதன்பிறகு அவளை என்ன சொல்வது?

யுத்தம் நடந்துகொண்டிருந்த இரண்டாயிரத்தெட்டில் அவள் மகள் பிரமிளா வகுப்பில் முதலாவதாக வந்தாள். கதைப்புத்தகம் வாங்கித் தருவதாகக் கமலாட்சி வாக்குக் கொடுத்துவிட்டாள். மாத்தளை டவுனுக்கு நானும் கூடப் போனேன்.

கடைக்காரர் பதுர்தீன் நானா இரண்டு நாவல்களை எடுத்துப் போட்டார். இரண்டும் புராணத்தை வைத்துப் பிள்ளைகளுக்கு எழுதிய மாயக்கதைகள். ஒன்றில் துர்க்கையின் புலிமேல் ஏறி ஒரு சிறுமி எமலோகம் போகிறாள். மற்றதில் ஒரு பையன் நாகலோகத்துக்குள் இறங்குகிறான். பிரமிளா புலிப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"அத வையி," என்றாள் கமலாட்சி.

"ஏம்மா?"

"அட்டயில என்னா இருக்குன்னு தெரியலியா? ஆர்மிக்காரன் கேட்டா சாமியோட புலின்னு சொல்லுவியா?"

"சின்னப்புள்ளைங்க கதை தங்கச்சி. பயப்புட ஒண்ணுமில்ல," என்றார் நானா.

அவர் அப்படிச் சொன்னதே அவளுக்குச் சந்தேகமாகிவிட்டது. "எதுக்கு இத நம்ம தலையில கட்டப் பாக்குறாரு?" என்று என் காதில் முணுமுணுத்தாள். நாகலோகத்தின் முன்னட்டையையும் பின்னட்டையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே பார்க்கவில்லை. ஆர்மிக்காரர்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அட்டை சரியாக இருந்தால் போதும் என்பது அவள் கணக்கு. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அதை வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்பும் வழியில், நாலந்தாவுக்கு இப்பால் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். பையைச் சோதித்த ஆர்மிக்காரர் புத்தகத்தை விரித்தார். முதல் பக்கத்திலேயே வரைபடம். மலை, ஆறு, மலைக்கடியில் சுரங்கப்பாதைகள், போகவேண்டிய வழிக்கு அம்புக்குறிகள்.

இது எந்த இடம் என்று சிங்களத்தில் கேட்டார். கமலாட்சிக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அன்றைக்கு மகளைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டதோடு சரி. யாருடைய புத்தகம் என்று அடுத்துக் கேட்டார்.

பிரமிளா முன்னே வந்து, "என்னுடையது சேர். பாம்புகளின் உலகம். நிஜமாக அப்படி ஓர் இடம் இல்லை," என்று நல்ல சிங்களத்தில் சொன்னாள்.

அவர் சிரித்ததுபோல்தான் இருந்தது. ஆனாலும் வரைபடத்தைக் கிழித்தெடுத்தார். அதன் பின்புறத்தில் பிரமிளாவின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அம்மாவின் பெயரை அவர் கேட்கவே இல்லை.

அந்தப் பெயரைத் தேடி வருவார்கள் என்று யுத்தம் முடியும்வரை கமலாட்சி ஜீப் சத்தத்துக்குக் காது கொடுத்தபடியே இருந்தாள். யாரும் வரவில்லை.

அடுத்த வருஷமும் பிரமிளாதான் முதலாவது. பரிசளிப்பு விழாவில் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பிள்ளை எழும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். கமலாட்சி அவள் கையை இறுக்கிப் பிடித்து உட்காரவைத்திருந்தாள்.