ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஒரு தோத்திரம்

நான் திருச்சியில் ஒரு கத்தோலிக்கச் சாமியார். எங்கள் ஜனங்கள் சாமியாரைப் பார்த்தால் "தோத்திரம் சாமி" என்பார்கள். சாமியார் "ஆசீர்வாதம்" என்று பதில் சொல்ல வேண்டும். கோயில் வாசலில், மீன் கடையில், பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும்போதுகூட! இருபது வருஷத்துக்கு மேல் யோசிக்காமல் சொன்ன வார்த்தை அது. வளைகுடாப் பக்கம் சண்டை மூண்ட கோடையில்தான் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத தெரு எங்கள் பங்குக் கோயில் வட்டாரத்தில் ஏது? பூசை முடிந்ததும் தாய்மார்கள் செல்போனை நீட்டிக்கொண்டு என்னைச் சுற்றி நிற்பார்கள். வீடியோ காலில் பிள்ளைகள் இருப்பார்கள். தலையில் கை வைப்பதுபோல நான் திரையில் கை வைத்து ஜெபிப்பேன். அதில் ஒரு அம்மாவுக்குத் திருவானைக்காவல் தையல் கடையில் வேலை. புருஷன் இல்லை. ஒரே மகன், வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் வெல்டர். "சாமி, உங்க கைரேகை மட்டும்தான் தெரியுது" என்று அவன் போனில் சிரித்தான். நானும் சிரித்துக்கொண்டே, "ஒண்ணும் ஆகாது தம்பி, ஆண்டவர் பாத்துக்குவார்" என்றேன். அந்த வாரமே துறைமுகத்தில் ஏவுகணை விழுந்தது. பையன் பெட்டியில் வந்து சேர்ந்தான்.

அடக்கப் பூசையில் வாய் தன் பாட்டுக்கு வாசித்தது. ஆண்டவர் பார்த்துக்கொண்டார், ரொம்ப நன்றாகவே பார்த்துக்கொண்டார்! அவர்மேல் கோபம் வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. கோபப்படவும் எதிரே ஓர் ஆள் வேண்டுமே. அங்கே யாரும் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. சமையல்காரர் இரவுச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் போனபின் சாமியாருக்கென்று கோயில் கொடுத்த அந்தப் பெரிய வீட்டில் நானும் டி.வி.யும்தான். அதிலும் அதே சண்டை. ஜெபம் சொல்ல உட்கார்ந்தால் சுவரோடு பேசுவதுபோல இருந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? ஊரே தன் கஷ்டத்தை என்னிடம் வந்து சொல்கிறது, எனக்கு ஒரு நாதி இல்லை. திங்கட்கிழமை எங்கள் பிஷப்பான ஆயரைப் பார்த்து, "என்னால் முடியவில்லை, என்னை விட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிட முடிவு செய்தேன்.

அதுவரை ஜனங்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். அங்கியைக் கழற்றிவிட்டு ஒரு செக் சட்டையை மாட்டிக்கொண்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பிடித்து ஸ்ரீரங்கம் போனேன். அங்கே என்னை யாருக்குத் தெரியும்? காபிக் கடையில் நான் வெறும் 'சார்'. காவிரிக்கரையில் அம்மா மண்டபப் படியில் உட்கார்ந்திருந்தபோது ஒரு மாமா பேச்சுக் கொடுத்தார்.

"ஆத்துல யாரெல்லாம் இருக்கா?"

"யாரும் இல்லைங்க. நான் மட்டும்தான்."

"அடடா! கவலைப்படாதீங்கோ. ரங்கன் பாத்துப்பான்."

எனக்கு வந்ததே ஆத்திரம்! என் சரக்கை என்னிடமே விற்கிறாரே மனுஷர்! எழுந்து வந்து பஸ் ஏறிவிட்டேன்.

திருவானைக்காவலில், மகனைப் பறிகொடுத்த அந்தத் தையல் கடை அம்மா ஏறினார். செக் சட்டை அவரை ஒரு நொடிகூட ஏமாற்றவில்லை.

"தோத்திரம் சாமி!"

பஸ்ஸில் பாதிப் பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் விடவில்லை. எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்து, பின்னால் திரும்பிக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அடக்கத்துலேருந்து நீங்க பதிலே சொல்றதில்ல. எம்மேல ஏதும் கோவமா சாமி?"

"ஐயோ, இல்லம்மா." சமாளிக்கப் பார்த்தேன், முடியவில்லை. "எனக்கு நம்பிக்கை போயிடுச்சும்மா. சும்மா வாய் வார்த்தையா எப்படிச் சொல்றது?"

அவர் அதிர்ந்துபோவார் என்று நினைத்தேன். மடியில் இருந்த சாப்பாட்டுப் பையைச் சரிசெய்துகொண்டார்.

"எனக்கு மட்டும் இருக்கா? புள்ளையத் தூக்கிக் குடுத்துட்டு நான் எதை நம்புறது?"

"அப்புறம் எதுக்கும்மா தினமும் கோயிலுக்கு வந்து தோத்திரம் சொல்றீங்க?"

"காலையில எழுந்ததும் அவன் போன் வரும். 'அம்மா'ன்னு கூப்பிடுவான். இப்ப வீட்ல நான் என்ன பேசினாலும் பதில் சொல்ல ஆள் இல்ல. தோத்திரம்னா நீங்க ஒருத்தர்தான் பதில் சொல்வீங்க. அதுக்காகத்தான் வர்றேன். நீங்களும் வாயை மூடிக்கிட்டா நான் எங்க போவேன் சாமி?"

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. செக் சட்டைக் கையாலேயே துடைத்துக்கொண்டேன்.

"ஆசீர்வாதம்மா" என்றேன்.

அந்த நேரம் பார்த்து டிரைவர் ஹார்ன் அடித்தார். அம்மா காதருகே கையை வைத்துக்கொண்டார்.

"கேக்கல சாமி. சத்தமாச் சொல்லுங்க."

சொன்னேன். பஸ் முழுக்கக் கேட்டிருக்கும்.

திங்கட்கிழமை நான் ஆயர் வீட்டுக்குப் போகவில்லை. நம்பிக்கை திரும்பிவிட்டதா என்றால், இல்லை. காலையில் அங்கியைப் போட்டுக்கொண்டு, அந்த அம்மா வரும் நேரத்துக்கு முன்பே கோயில் வாசலில் போய் நின்றேன்.