சஹனில் ஆறாவது ஆள்

1. தலைகள்

நான் முதன்முதலில் கத்தி வைத்தது என் வாப்பாவின் தலையில். கை நடுங்கியது. "தல என்ட, பயம் ஒனக்கா?" என்று வாப்பா சிரித்தார். அன்று நான் ஒஸ்தா ஆனேன். தலை மழிப்பது, முகம் வழிப்பது, பிள்ளைகளுக்குச் சுன்னத்து வைப்பது எல்லாம் எங்கள் வேலை. தகப்பன் ஒஸ்தா என்றால் மகனும் ஒஸ்தாதான். வேறு குடியில், அதாவது வேறு வம்சத்தில், யாரும் எங்களுக்குப் பெண் தரமாட்டார்கள்.

கல்முனைக்குத் தெற்கே, கடலோரத்தில் எங்கள் ஊர். அந்த ஊர் மனிதர்களை முகத்தைவிடத் தலையால்தான் எனக்குத் தெரியும். யாருக்கு எந்தப் பக்கம் சுழி, யாருக்குப் பிடரியில் தழும்பு என்பதெல்லாம் உள்ளங்கையில் இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போனால் கடைசி வரிசையில் இருப்பேன். அங்கே இரு என்று யாரும் சொல்லவில்லை, இருந்து பழகிவிட்டது. குத்பாப் பிரசங்கம் நடக்கும்போது முன்னால் வரிசை வரிசையாகப் பிடரிகள் தெரியும். கடல் இரைச்சலும் ஓதுகிற குரலும் ஒன்றாகக் கலந்து வரும், எனக்குக் கண் சொக்கும். அத்தனை தலையும் மெல்ல மிதந்து என் கைக்கு வருவதாகத் தோன்றும். அல்லாஹ் மன்னிக்க வேண்டும், பல குத்பாக்கள் எனக்கு அப்படியே போயின.

விருந்து என்று வந்தால் அந்தக் கனவெல்லாம் கலைந்துவிடும். ஒரு சஹன் நிறையச் சோறு வைத்து, ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் தின்பது எங்கள் வழக்கம். என்னோடு சுற்றியிருக்க ஐந்து பேர் அந்த ஊரில் கிடைக்கவில்லை. எனக்கு அடுக்களைப் பக்கம் தனிக் கோப்பை. கழுத்தை என் கத்திக்குக் கொடுப்பார்கள், சோற்றில் மட்டும் என் கை படக்கூடாது. இதை நினைத்துச் சில நாள் சிரிப்பேன், சில நாள் சோறு இறங்காது.

2. கட்டிப்பிடித்தவர்

கல்லோயாத் தண்ணீர் எங்கள் பக்கத்து வயல்களுக்கு வரத் தொடங்கியிருந்த காலம். புடவைக் கடை ஹாமிது தம்பி மார்க்கம் பரப்பும் ஜமாஅத்தோடு இந்தியா போய்த் தாடியோடு திரும்பி வந்தார். பள்ளிவாசல் மரைக்காரின் மருமகன் அவர். எங்கள் வழக்கப்படி பெண் வீட்டில், மாமனாரோடுதான் இருந்தார். மரைக்கார் தன் குடிக்காகப் பள்ளியில் கதைக்கும் பெரியவர். கந்தூரி விருந்து, குடி மரியாதை எல்லாவற்றுக்கும் அவர்தான் காவல். மருமகனோ பள்ளியில் வைத்த பயான் பிரசங்கத்தில் கந்தூரி கூடாது, குடி பார்ப்பது கூடாது, தாடி வழிப்பது கூடாது என்றார். மாமனார் வெற்றிலை மென்றபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பயான் முடிந்ததும் ஹாமிது தம்பி கடைசி வரிசைக்கு வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். ஊரில் யாரும் அதுவரை என்னை அப்படிப் பிடித்ததில்லை. அழுதுவிட்டேன்.

"இஸ்மாயில் காக்கா, இஸ்லாத்துல ஒஸ்தா எண்டு ஒரு சாதி இல்ல. அந்தக் கத்திய விட்டுட்டு வாங்க. மருதமுனையில தறி வேல எடுத்துத் தாறன். பொறகு ஆரு உங்கள ஒஸ்தா எண்டு செல்ற?"

நாற்பது வயதில் ஊரில் ஒருவர் என்னைப் பெயர் சொல்லி, அண்ணனைக் கூப்பிடுவதுபோலக் காக்கா என்று கூப்பிட்டது அன்றுதான். "ஓம் தம்பி" என்றேன். கத்தியும் சாணைக்கல்லும் வைக்கும் என் தோல்பையை, அடைப்பம் என்போம், துணியில் சுற்றிப் பரணில் ஏற்றினேன்.

3. தறியில் மூன்று மாதம்

தறி நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும். நான் எங்கோ இருப்பேன். இழை அறுந்தது தெரியாமல் நெய்துகொண்டே போவேன். வழியில் தேங்காய் கிடந்தால் கை தானாகத் தடவிப் பார்க்கும். தறிக்காரர் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார், அந்தத் தலையையும் நான் உற்றுப் பார்ப்பேன்.

ஒருநாள் ஜமாஅத் ஆட்களோடு சஹனுக்கு இருந்தேன். நிந்தவூரிலிருந்து வந்த ஒருவரிடம் ஹாமிது தம்பி பெருமையாகச் சொன்னார்:

"இவர் முந்தி ஒஸ்தா. இப்ப இல்ல, தறி வேல செய்றார்."

எல்லாரும் சிரித்த முகத்தோடு இடம் விட்டார்கள். கறி நல்ல கறி. ஆனால் எனக்கு வாப்பாவின் ஞாபகம் வந்தது. ஒஸ்தாவாகவே வாழ்ந்து மௌத்தான மனிதர். அவர் வந்திருந்தால் இந்தச் சஹனில் இடம் கிடைத்திருக்குமா என்று நினைத்தேன். அதற்குப் பிறகு கறி ருசிக்கவில்லை.

4. ஏழாம் நாள்

ஹாமிது தம்பிக்கு ஆண் பிள்ளை பிறந்தது. ஊரில் பிறந்த முடியை நாற்பதாம் நாள்தான் இறக்குவோம். ஏழாம் நாள் இறக்குவதுதான் சுன்னத்து, நபி காட்டிய வழி என்று அவர் பிடிவாதமாக நின்றார். கல்முனைச் சலூன்காரர் வந்து பிள்ளையின் தலையைப் பார்த்தார், நாற்பது கழியட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கடைசியில் இவரே பிளேட்டை எடுத்திருக்கிறார், கை உதறியிருக்கிறது. நேரே தறிக்கு வந்தார்.

"காக்கா, இண்டைக்கு ஏழு. புள்ளட முடி எறக்கணும்."

"நான் இப்ப தறிக்காரன்தானே தம்பி." குத்தலாகத்தான் சொன்னேன்.

அவர் முகம் சுண்டிப்போனது. "அந்தக் கை உங்களுக்குத்தானே இரிக்கி."

"வாறன். ஆனா ஒஸ்தாவாத்தான் வருவன். வேல முடிஞ்சா, அடைப்பத்தப் பக்கத்துல வெச்சிட்டு உங்களோட ஒரே சஹன்ல இருப்பன். அதுக்கு ஓமா?"

"எனக்கெண்டா ஓம். ஆனா அது மாமாட ஊடு, காக்கா." தறிப் பாவில் இருந்த நூலை விரலால் நீவினார். "நீங்க வாங்க, பாப்பம்."

அந்தப் 'பாப்ப'த்தை நம்பிப் போனேன். உண்மையைச் சொன்னால், கத்தி பிடிக்கக் கை துடித்தது.

தாயின் மடியில் பிள்ளை தூங்கியது. தலை என் உள்ளங்கை அளவுதான். உச்சிக்குழி மெல்ல ஏறி இறங்கியது. மூன்று மாதம் கத்தி பிடிக்காத கை. கத்தியைத் தோல்வாரில் தீட்டி, என் முன்கையில் வழித்துப் பார்த்து, பிஸ்மி சொல்லி வைத்தேன். வீடு முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. கடல் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை. நானும் அந்தச் சின்னத் தலையும் எங்கோ தனியாக இருந்தோம், எவ்வளவு நேரம் என்று தெரியாது. முடிந்து ஈரத்துணியால் துடைத்தபோது பிள்ளை ஒரு கொட்டாவி விட்டது. அவ்வளவு சந்தோசம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

சஹன் வந்தது. மரைக்கார், ஹாமிது தம்பி, ஜமாஅத் ஆட்கள் மூவர் இருந்தார்கள். நான் ஆறாவது ஆளாக இருந்து, அடைப்பத்தை முழங்கால் பக்கத்தில் வைத்தேன். ஜமாஅத் ஆள் ஒருவர் மெல்லச் சொன்னார்:

"காக்கா, அத வாசல்ல வெச்சிட்டு வாங்களன்."

ஹாமிது தம்பி குனிந்து சோற்றைப் பார்த்தார். நான் அசையவில்லை. மரைக்கார் எழும்பினார். முடிந்தது கதை என்று நினைத்தேன். போனவர் தண்ணீர்க் கெண்டியும் கை கழுவும் படிக்கமுமாகத் திரும்பி வந்து என் முன்னால் நின்றார்.

"கைய நீட்டுங்க ஒஸ்தா."

என் கைக்குத் தண்ணீர் ஊற்றினார். நான் விரல் விரலாகக் கழுவினேன்.

"என்ட பேரன்ட தலையத் தொட்ட கை இது. பை அங்கினயே இரிக்கட்டும். எழும்புறவன் எழும்பட்டும், எனக்குப் பசிக்கி."

யாரும் எழும்பவில்லை. ஹாமிது தம்பிதான் முதலில் இறைச்சியைப் பிய்த்து என் பக்கம் வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

அடுத்த நாளே தறியை விட்டுக் கத்திக்குத் திரும்பினேன். ஊராரின் தாடி வழிப்பதை மட்டும் விட்டேன், பயானில் கேட்டது மனதுக்குச் சரியாகப் பட்டது. அந்த வீட்டுக்குப் பிறகு சில வீடுகளில் சஹனுக்குக் கூப்பிட்டார்கள், பல வீடுகளில் அடுக்களைக் கோப்பைதான். மற்றக் குடிகளிலிருந்து கலியாணச் சம்பந்தம் எதுவும் வரவில்லை, அதில் பொய் சொல்ல மாட்டேன். கடைசி வரிசைவரை வந்து என்னைக் கட்டிப்பிடித்தவர் ஹாமிது தம்பி என்பதையும் மறக்க மாட்டேன்.

இன்று கண்ணாடியும் மெசினுமாகச் சலூன் வைத்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒன்றுதான் சொல்வேன். சமமாக இருக்க வா என்று கூப்பிட்டால் சந்தோசமாகப் போங்கள். பையை வாசலில் வைத்துவிட்டு வா என்றால் வைக்காதீர்கள். முழங்கால் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருங்கள். சோறு கொஞ்சம் ஆறினாலும் பரவாயில்லை.