மூன்றாம் நாள் எலிகள்

தம்பியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தையல்கார அக்காவுக்கு வாய் ஓயாது. அளவு கொடுக்க வந்தவர்கள் கையைத் தூக்கியபடியே நின்று கேட்டாக வேண்டும். "சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத எலிக்குட்டிக்கு ஆபரேஷன் பண்றான் எங்க வீட்டுப் பிள்ளை!" என்பாள், டேப்பை அவர்கள் கழுத்தில் போட்டபடி.

ஆராய்ச்சிக்கூடத்தில் தம்பியின் பாடம், நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி.

"நோயோட சண்டை போடுற செல்லுங்க அங்கதான்க்கா வளருது. சொந்த உடம்பையே கடிக்கப் பாக்கிறதை அங்கயே ஒழிச்சுடும்."

"ஒண்ணு ரெண்டு தப்பிச்சு வெளிய வந்துட்டா?"

"வரத்தான் செய்யுது. அப்புறமும் ஏன் சும்மா இருக்குன்னுதான் தெரியல."

பிறந்த மூன்றாம் நாளே சில குட்டிகளுக்குத் தைமஸை எடுத்தான். வேறு சிலவற்றுக்கு ஒரு வாரம் பொறுத்து எடுத்தான். எல்லாம் வளர்ந்து ஜோடி சேர்ந்தன. ஒரு நாள் மாலை கடைக்கு வந்தவன், போட்டு வைத்த டீயைத் தொடவில்லை.

"மூணாம் நாள் அறுத்த பொட்டைங்க ஒண்ணுகூடக் குட்டி போடலக்கா. மத்ததெல்லாம் போட்டுடுச்சு."

அக்கா தைத்துக்கொண்டிருந்த காலரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவன் முதன்முதலில் ஊசி பிடித்து, தையல் கோணிப்போய் அழுத நாளில் சொன்னதையே சொன்னாள். "நூலைத் திட்டாதே, மெஷினைத் திட்டாதே. முதல்ல உன் கையைப் பாரு."

அவன் கையைப் பார்த்தான். மூன்று நாள் குட்டி பூ மாதிரி. கத்தி எங்கேயாவது கூடுதலாகப் பட்டிருக்கும்.

"ஆமாக்கா. என் கைதான்."

அந்த எலிகளைக் கணக்கிலிருந்து தள்ளி, ஒன்றைக்கூட அறுத்துப் பார்க்காமல் எரிக்க அனுப்பிவிட்டான். மிச்சத்தை வைத்துப் பட்டம் வாங்கினான். கை சரியில்லாதவனுக்கு ஆராய்ச்சி எதற்கு என்று அவனே முடிவு கட்டி, ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தான்.

பல வருடம் கழித்து, ஒரு மருத்துவக் கூட்டத்தில் பேச்சுக் கேட்டுவிட்டு நேரே கடைக்கு வந்தான்.

"சண்டைக்காரச் செல்லுங்களை அடக்கி வைக்கவே தனியா செல்லு இருக்காம்க்கா. அதுவும் தைமஸ்லதான் வளருது. ஆனா வெளிய வரக் கொஞ்சம் தாமதமாகும். மூணாம் நாளே அறுத்தா அடக்குறதுங்க வந்து சேராது. ஏற்கெனவே வந்துட்ட சண்டைக்காரங்க சொந்த சினைப்பையையே தின்னுடுவாங்க. அதான் குட்டி இல்ல. அன்னிக்கே அறுத்துப் பாத்திருந்தா சினைப்பை அரிச்சுக் கிடந்தது தெரிஞ்சிருக்கும்."

மெஷின் நின்றது. "அப்போ உன் கை?"

"நல்லாத்தான் இருந்திருக்கு," என்று சிரித்தான். அழுதிருந்தால்கூட அக்காவால் தாங்கியிருக்க முடியும்.

"எலியை அறுத்துப் பாருடான்னு நான் சொல்லியிருக்கணும்."

"விடுக்கா. உனக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியல."

விட முடியவில்லை. உடம்புக்கே எவ்வளவு சண்டை போடலாம் என்று சொல்லி நிறுத்த ஒரு காவல் இருக்கிறது. தன்னைத்தானே குற்றம் சொல்லப் பழக்கிய பிள்ளைக்கு, போதும் நிறுத்து என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை.

மறுநாள் பழைய வாடிக்கையாளர் ஒருவர் அளவு கொடுக்கக் கையைத் தூக்கி நின்றார். "எலி டாக்டர் எப்படி இருக்கார்?"

"அவன் கையில தப்பே இல்லீங்க," என்றாள் அக்கா.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. சட்டைக் கை அளவில் ஏதோ கோளாறு போலிருக்கிறது என்று தன் தோளையே திரும்பிப் பார்த்துக்கொண்டார்.