‘வண்டலேதான்’ என்று சொன்ன வாய்

1991-ம் வருடம், புரட்டாசிக் கடைசி. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பிள்ளைப்பாக்கம் போகிற வழியில் தொழிற்சாலைகளை அப்போது விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்றில், மழைக்கு முன்னால் கூரைக் கட்டர்களைச் சுத்தம் செய்கிற வேலையை நானும் என் கூட்டாளியும் எடுத்திருந்தோம். கட்டர் என்றால் வேறொன்றுமில்லை. ஷெட் கூரையில் வழிகிற தண்ணீரை வாங்கிக் குழாய்க்கு அனுப்புகிற நீளமான தகர வாய்க்கால்.

ஏறி அள்ளுவது பெரிய விஷயமில்லை. அள்ளியதை எங்கே கொட்டுவது என்பதுதான் தலைவலி. வேப்பஞ்சருகு, புறா எச்சம், புழுதி எல்லாம் வருஷக்கணக்கில் ஊறிக் கன்னங்கரேலென்று கிடந்தது. காம்பவுண்டுக்குள் ஒரு கூடைகூட இருக்கக் கூடாது என்று சூப்பர்வைசர் கறாராகச் சொல்லிவிட்டார். ஏரிக்கரைக்குக் கொண்டுபோனால் ஊர்க்காரர்கள் விரட்டிவிட்டார்கள். ஒரு மாட்டு வண்டி நிறையச் சேற்றை வைத்துக்கொண்டு ரோட்டில் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றோம்.

அப்போதுதான் புல்லுக்கட்டோடு ஒரு பெண் வந்தார். என் வயதுதான் இருக்கும், ஒன்றிரண்டு கூட இருக்கலாம். வண்டியில் இருந்ததை எட்டிப் பார்த்தார்.

“இது இன்னா தம்பி, வண்டலா?”

ஏரி வண்டல் என்றால் கழனிக்கு உயிர். அவர் கேட்ட ஆசையைப் பார்த்ததும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “வண்டலேதான்க்கா” என்றேன். கறுப்பாக இருந்தது, மெத்தென்று இருந்தது, மண்வாசம்கூட அடித்தது. அதற்கு மேல் நான் எதையும் யோசிக்கவில்லை.

“சித்திரையில எல்லாரும் ஏரியில அள்ளசொல்ல எங்களுக்கு மட்டும் வண்டி ஆப்டல. மடை ஓரமா ஒரு மூல ஒண்ணுக்கும் ஒதவாம கீது, அங்க போட்டுடேன்” என்றார். இரண்டு நாளில் மூன்று வண்டி கொண்டுபோய் இறக்கினோம். ஏதோ தானம் செய்தவர்களைப் போல, அவர் கொடுத்த மோரையும் வாங்கிக் குடித்தோம். வெள்ளிக்கிழமை நடவு என்று சந்தோஷமாகச் சொன்னார். என் தலைவலி தீர்ந்தது, அவருக்கும் புண்ணியம் என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை மிச்சமிருந்த கட்டரை அள்ளிக்கொண்டிருந்தேன். டயர் ட்யூபில் தைத்த என் கையுறை முந்தின நாள் கிழிந்துவிட்டதால் அன்று வெறும் கை. நாலாவது அள்ளலில் சுரீர் என்றது. உள்ளங்கையில் ரத்தம். சேற்றை விலக்கிப் பார்த்தால் கண்ணாடிச் சில்லுகள். எப்போதோ உடைந்த ஜன்னல் கண்ணாடியை யாரோ கூரை மேலேயே ஒதுக்கித் தள்ளியிருக்கிறார்கள்.

இந்த வரிசைக் கட்டரில் அள்ளியதுதான் மூன்று வண்டியும். நான் கையுறை போட்டுக்கொண்டு அள்ளியவன். அங்கே கழனியில் பெண்கள் வெறுங்காலோடு இறங்கி, வெறுங்கையால் சேற்றைக் குத்தி நாற்று நடுவார்கள். ஏணியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. சைக்கிளை எடுத்து மிதித்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

ஏழெட்டுப் பெண்கள் ஏற்கெனவே குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் மடை மூலையில் யாரும் இல்லை. அந்த அக்கா மட்டும் வரப்பில் உட்கார்ந்திருந்தார். பாதத்தில் துணி சுற்றியிருந்தது, துணியில் ரத்தம். நான் மூச்சிரைக்கப் போய் நின்றேன்.

“அக்கா, அது வண்டல் இல்ல. கட்டர்ல வாரின குப்பை. யோசிக்காமச் சொல்லிட்டேன். கண்ணாடி கீது அதுல.”

அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டு.

“காலைல நான்தான் மொதல்ல எறங்கினேன். நத்த ஓடு ஜாஸ்தியா கீது, அந்த மூலைக்குப் போவாதீங்கன்னு இவங்களாண்ட சொல்லிட்டேன்.”

“என்னன்னு உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சே. ஏன்க்கா மறைச்சீங்க?”

“உன்னாண்ட ஒரு வார்த்த கேக்காம ஊரக் கூட்டிப் பேசறதா? நீயே வந்துட்ட, விடு. கையில இன்னா ரத்தம்?”

அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அந்தக் கேள்விக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது. நடவுப் பெண்கள் எல்லாரும் பார்க்க நின்று அழுதேன்.

அந்த மூலை நாலு கட்டில் போடுகிற இடம்தான். நானும் கூட்டாளியும் இரண்டு நாள் மேல் சேற்றைக் கூடை கூடையாக அள்ளி, வெளியே அலசி அலசிச் சில்லு பொறுக்கினோம். வரப்போரம் மிச்சம் குவிந்திருந்ததையும் வண்டியில் ஏற்றினோம். சூப்பர்வைசரிடம் சண்டை போட்டு, தொழிற்சாலைக்குப் பின்னாலேயே குழி வெட்டி எல்லாவற்றையும் புதைத்தோம். அந்த மூலைக்கென்று கட்டி வைத்திருந்த நாற்று முடிகளை அதுவரை தண்ணீரிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். இன்னும் ஒரு நாள் போனால் அவையும் வீணாகியிருக்கும்.

மூன்றாம் நாள் செருப்பைக் கழற்றி வரப்பில் போட்டுவிட்டு நான் முதலில் இறங்கினேன். குறுக்கும் நெடுக்குமாக, ஒரு சாண் விடாமல் அழுத்தி அழுத்தி மிதித்து நடந்தேன். கூட்டாளி சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. நான் மூன்றாவது சுற்றுக்குத் திரும்பியபோதுதான், “போதும் தம்பி, ஏறு” என்றார். ஏறப் போன என் கையில் ஒரு நாற்று முடியைக் கொடுத்து, “இது உன் மூல, நீயே நடு” என்றார். நட்டேன். வரிசை கோணல்மாணலாகப் போனதைப் பார்த்து நடவுப் பெண்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அந்தத் தையில் சைக்கிளில் போகும்போது பார்த்தேன். கோணல் வரிசையிலும் கதிர் தலை சாய்ந்து நின்றது. இறங்கிப் பக்கத்தில் போய்ப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ கூரை ஏறிவிட்டேன். வேலை பேசும்போதே, அள்ளுவதை எங்கே போடுவது என்றுதான் முதலில் கேட்கிறேன். யாராவது ஆசையோடு வந்து “இது என்ன?” என்று கேட்டால், பதில் சொல்வதற்கு முன் துணி சுற்றிய அந்தப் பாதம் என் கண்ணுக்குள் வந்து நிற்கிறது; உள்ளதை உள்ளபடியும், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்ல அதுதான் எனக்குத் தைரியம் கொடுக்கிறது.