உண்ணாமலையின் மூன்று வெள்ளைகள்

உண்ணாமலை இலையைக் கிள்ளி நுனிநாக்கில் வைத்துப் பார்க்கிறார். காலை ஏழு மணி. பல் விளக்கியாயிற்று, டீ இன்னும் குடிக்கவில்லை. "டீ குடிச்சுட்டா நாக்கு மந்தமாயிடும் சார்." இலை மேலிருக்கும் வெள்ளை, பல்லில் நறநறத்தால் அது சாலைப் புழுதி. ஒன்றுமே தெரியாமல் போனால் நோய். துப்பிவிட்டு அடுத்த மரத்துக்குப் போகிறார். பத்து மரம் தாண்டுவதற்குள் முடிவை இரண்டு முறை மாற்றிக்கொள்வார்.

கீழப்பழுவூரிலிருந்து உள்ளே பிரியும் சாலையில், நான் வேலை பார்க்கும் பள்ளிக்கு இரண்டு நிறுத்தம் முன்னால் இருக்கிறது அவருடைய தோட்டம். ஒன்றரை ஏக்கர் ஆப்பிள் இலந்தை. வேலிக்கு அந்தப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகள் பொழுதெல்லாம் போய்வருகின்றன. புடவைக்கு மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டை போட்டிருப்பார். முள் கிழித்த இடமெல்லாம் கைக்குக் கிடைத்த நிறத்து நூலால் தைத்திருக்கும். பழம் வாங்க நிற்கிறவர்களிடம் விலையைச் சொல்வதற்கு முன் இலையை நீட்டுவார். "இது என்னான்னு பாத்துச் சொல்லுங்க." நான் தமிழ் வாத்தியார்தான் என்று நழுவப் பார்த்தால், "பரவால்ல, கண்ணு இருக்குல்ல" என்பார்.

மூன்று ஆண்டுக்கு முன்பு வரை அவருக்குக் குழப்பம் கிடையாது. வெள்ளை என்றால் புழுதி, அவ்வளவுதான். அந்தக் கார்த்திகையில் இலை வெளுத்தது, பிஞ்சு வெளுத்தது, பட்டாணி அளவுக்கு வந்த காயெல்லாம் பழுப்பேறிக் கொட்டியது. அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்களுக்கும் புழுதியால் தொல்லை. எல்லோருமாகச் சேர்ந்து சாலையில் உட்கார்ந்து லாரிகளை மறித்தார்கள். உண்ணாமலை முன்வரிசையில். முதலில் வந்து நின்ற லாரியை ஓட்டி வந்தவர் தங்கராசு, உண்ணாமலையின் கணவர்.

"எந்திரி, வூட்டுல பேசிக்கலாம்" என்றாராம், ஜன்னல் வழியே தலையை நீட்டி.

"வூட்டுல பேசறதுக்கு நீங்க எந்நேரம் வூட்டுல இருக்கீங்க? மரத்தப் பாருங்க, மாவு பூசினாப்புல நிக்குது."

தங்கராசு வண்டியை அணைத்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் உண்ணாமலை எழுந்துபோய்ச் சோற்றுத் தூக்கை எடுத்துவந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, மறுபடியும் அதே லாரிக்கு முன்னால் உட்கார்ந்தார். பத்து நாள் வேலைக்கு வர வேண்டாம் என்று லாரிக்காரர்கள் தங்கராசுவிடம் சொல்லிவிட்டார்கள். அந்தப் பத்து நாளும் இருவருக்குள்ளும் பேச்சில்லை. ஊர்க்காரர்கள் மனு எழுதிக் கலெக்டர் ஆபீசில் கொடுத்தார்கள். அதில் முதல் கையெழுத்து உண்ணாமலையுடையது.

பிறகுதான் அனுசுயா வந்தார். தோட்டக்கலை அலுவலர், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர். கைப்பையிலிருந்து லென்ஸை எடுத்து உண்ணாமலையின் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

"புழுதின்னா பொடிக்கல்லு மாதிரி தெரியும்மா. இதப் பாருங்க, பஞ்சாட்டம் நூல் நூலா இருக்கு. இது சாம்பல் நோய். பூஞ்சாணம்."

"அப்ப புழுதி இல்லியா?"

"புழுதியும் இருக்கு."

"ரெண்டுல எதும்மா மரத்தக் கெடுக்குது?"

"பிஞ்சு கொட்டுறது நோயால. புழுதி எவ்வளவு கெடுக்குதுன்னு இத வச்சுச் சொல்ல முடியாதும்மா."

இந்தப் பதிலோடுதான் உண்ணாமலை இன்றுவரை மல்லுக்கட்டுகிறார். "புழுதின்னா அவரு மேல கோவப்படலாம். நோயின்னா யாரு மேல படறது? நான் அவரு வண்டிய மறிச்சது சரியா தப்பா, அத மொதல்ல சொல்லுங்க சார்." ஒரு கிலோ பழம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அனுசுயா சொன்னதையெல்லாம் உண்ணாமலை ஒன்று விடாமல் செய்கிறார். காய்ப்பு ஓய்ந்ததும் சித்திரையில் மரங்களைக் கவாத்து செய்கிறார். வெட்டிய குச்சியையும் உதிர்ந்த சருகையும் கூட்டி அள்ளித் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய்க் கொளுத்துகிறார். பூ பிஞ்சாகிற சமயத்தில், லிட்டர் தண்ணீருக்கு இரண்டு கிராம் நனையும் கந்தகப் பொடி கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு அடிக்கிறார். புழுதி மூடிய இலையில் மருந்து ஒட்டாது என்பதால் முதல் நாளே வெறும் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வேலையைத் தங்கராசு செய்கிறார். ஒருநாள் குழாயைப் பிடித்தபடியே கேட்டார்: "புழுதி இல்லன்னு அந்தப் பொண்ணு சொல்லிடுச்சுல்ல?"

"இல்லன்னு சொல்லல. எவ்வளவுன்னு தெரியலன்னுதான் சொல்லிச்சு."

தங்கராசு அடுத்த மரத்தைக் கழுவப் போய்விட்டார்.

இதில் புதிதாக ஒரு சிக்கல். கந்தகம் காய்ந்தால் அதுவும் இலையில் திட்டுத் திட்டாக வெளுத்து நிற்கிறது. ஆக, மூன்று வெள்ளை. மருந்தடித்த மரத்தில் நாக்கை வைக்கவே கூடாது என்று அனுசுயா கடிந்துவிட்டுப் போனதால் அந்த மரங்களில் நாக்காலும் பயனில்லை. அடித்த மரத்துக்குச் சிவப்புத் துணி கட்டி வைத்தார். பிறகு, இந்தத் துணி இந்தத் தடவை கட்டியதா, போன தடவை கட்டியதா என்று மரத்தடியில் இடுப்பில் கைவைத்து நிற்பார். போன பருவத்தில் காய் பாதிக்கு மேல் தங்கியது. மருந்தாலா, கழுவியதாலா, மழை சரியாகப் பெய்ததாலா என்று கேட்டால், "அதத்தான் நானும் கேக்கறேன்" என்கிறார்.

மனு மேல் விசாரணை இந்தத் தையில்தான் வந்தது. சனிக்கிழமை, நானும் போயிருந்தேன். கோப்பும் கையுமாக இறங்கிய அதிகாரியை ஊர்க்காரர்கள் நேராக உண்ணாமலையின் மரத்துக்குக் கூட்டிவந்தார்கள். சாலையோரத்தில் முதலில் இருப்பதும், வெளுத்துக் கிடப்பதும் அதுதான். பக்கத்துக் காட்டுக்காரி வேம்பு, உண்ணாமலையின் காதோரம் வந்து நின்றார். அவருடையது பருத்தி. வெடித்த காயெல்லாம் சாம்பல் நிறத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, புழுதின்னு மட்டும் சொல்லு. நோயின்னு சொன்னா மொத்த மனுவையும் ஓரமா வச்சிடுவாங்க."

அதிகாரி மரத்தை அண்ணாந்து பார்த்தார். "இது என்னம்மா?"

எல்லோரும் உண்ணாமலையின் வாயையே பார்த்தார்கள்.

"நோயி சார்."

பின்னாலிருந்து யாரோ, "கெடுத்துச்சு போ" என்றார்கள். வேம்பு முகத்தைத் திருப்பிக்கொண்டார். உண்ணாமலை அந்த வேம்புவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரப்பில் இறங்கினார். "வாங்க சார், இங்க வந்து பாருங்க. இந்தப் பருத்தியில நோயி கெடையாது. தோட்டக்கல ஆபீசர் பொண்ணே கண்ணாடி வச்சுப் பாத்துச்சு. இது முழுக்க ரோட்டுப் புழுதி." அதிகாரி ஒரு காயைப் பிய்த்தார். பஞ்சை விரலால் தேய்த்தார். மனுவில் வேம்புவின் பெயருக்கு நேராக 'புழுதி' என்று எழுதிக்கொண்டார். உண்ணாமலை பிடித்திருந்த கையை வேம்பு உருவிக்கொள்ளவில்லை.

திரும்பி வந்ததும் அதிகாரி பேனாவை மறுபடி திறந்தார். "அப்ப உங்களுக்கு நோய்னு போட்டுக்கறேன்."

"புழுதியும் இருக்கு சார்."

"ரெண்டுல ஒண்ணுதாம்மா எழுத முடியும். நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க."

பேனாவையும் கோப்பையும் அவரிடமே கொடுத்தார். உண்ணாமலை காலியாக இருந்த கட்டத்தை வெகுநேரம் பார்த்தார். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தார். பிறகு கைக்கு எட்டிய கிளையிலிருந்து, வெளுத்த இலையும் இரண்டு பிஞ்சுமாக ஒரு கொத்தை ஒடித்து அந்தக் கட்டத்தின் மேல் வைத்தார். கோப்பை மூடி, நாடாவைத் தானே இறுக்கி இரண்டு முடிச்சுப் போட்டார்.