சித்தனுக்கு ஒட்டிய உடம்பு

கூடத்தில் சாக்கை விரித்து, பறித்த மிளகுக் கதிர்களை அதன்மேல் கொட்டி, சுவரைப் பிடித்தபடி காலால் மிதித்து உதிர்த்துக்கொண்டிருந்தாள் காளியாயி. மூன்று நாளாக மலைமேல் வாழவந்தியில் மூடுபனி விலகவில்லை. வாசலில் போட்டால் பூசணம் பிடித்துவிடும். எழுபது வயதில் இதற்கு ஓர் ஆள் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று மகன் சந்திரசேகர் வரும்போதெல்லாம் கேட்பான். வைக்கிற ஆள் பாதி மிளகைக் காம்போடு விட்டுவிட்டுப் போவான் என்பாள் அவள்.

அன்றைக்கு அவன் அதைக் கேட்கவில்லை. சேலத்திலிருந்து வந்து வண்டியை நிறுத்தியதும் செல்போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"பாரும்மா. பிளெக்ஸ் கடைக்காரன் அனுப்பியிருக்கான். நாளைக்கு பஸ் ஸ்டாப்புல கட்டிடலாம்."

ஞாயிற்றுக்கிழமை அவள் புருஷன் சித்தனுக்கு வருஷத் தெவசம். போர்டில் மேலே 'முதலாம் ஆண்டு நினைவஞ்சலி'. பின்னால் ஒரு டேங்கு, இரண்டு விமானம், நிறையப் புகை. நடுவில் துப்பாக்கியோடு சித்தன். முகம் அவருடையதுதான், ரேஷன் கார்டுக்கு எடுத்த முகம்.

காளியாயி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"இந்த ஒடம்பு யாருது?"

"அப்பாதாம்மா."

"மூஞ்சி உங்கப்பாருது. ஒடம்பு யாருதுன்னு கேக்கறேன்."

"கடைக்காரன் ஏதோ மிலிட்டரி போட்டோவுல ஒட்டியிருக்கான். எல்லாரும் அப்படித்தாம்மா பண்றாங்க."

"நாப்பத்தொம்போது வருஷம் கூட இருந்தவளுக்கு ஒடம்பு தெரியாதா கண்ணு? துப்பாக்கி புடிச்ச கைய எண்ணிப் பாரு. அஞ்சு வெரலும் இருக்குது."

சித்தனுக்கு வலது கையில் மூன்று விரல்தான். பத்தொன்பது வயதில், சேலத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மலையிலிருந்து நடந்தே இறங்கிப் போய்ச் சேர்ந்தவர். மேட்டில் மூச்சு வாங்காத பையன் என்று சுமை தூக்கும் கோவேறு கழுதைகளோடு போட்டார்கள். பட்டாளத்தில் அதற்குக் 'கச்சர்' என்று பேர். லாரி போகாத பனிமலைக்கு மாவும் மண்ணெண்ணெயும் குண்டும் கடுதாசியும் அதன் முதுகில்தான் போகும். முன்னால் கயிற்றைப் பிடித்து மனுஷன் நடக்க வேண்டும். சித்தன் பதினேழு வருஷம் நடந்தார். ஒரு முறை கச்சரின் கால் வழுக்கியது. கயிற்றை விட்டிருந்தால் கழுதையும் போயிருக்கும், மேலே காத்திருந்த ஆட்களின் பத்து நாள் சாப்பாடும் போயிருக்கும். அவர் விடவில்லை. இறுகிய கயிற்றில் இரண்டு விரல் போயிற்று.

மிச்ச விரல்களை வைத்துக்கொண்டுதான் ஊருக்கு வந்தபிறகு மகள் கௌரிக்குத் தினமும் ரெட்டைச் சடை பின்னினார். காளியாயி ஆறு மணிக்கே எஸ்டேட் வேலைக்குப் போயாக வேண்டும். அவர் போடுவது மூட்டை கட்டுகிற முடிச்சு, சாயங்காலம் வரை அவிழாது. ராத்திரி அதை அவிழ்க்க முடியாமல் கௌரி அழுவாள். கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர் ஒருநாள் வீடு தேடி வந்து வாட்ச்மேன் வேலைக்குக் கூப்பிட்டார். முதலாளி கார் வரும்போது கேட்டில் நின்று சல்யூட் அடித்தால் போதும் என்றார். "அடிக்க வேண்டியதெல்லாம் அடிச்சுத் தீத்துட்டனுங்க" என்று காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு, தன் ரெண்டு ஏக்கரில் மிளகுக் கொடி ஏற்றப் போய்விட்டார்.

குடியரசு தினத்துக்கு ஒருமுறை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றக் கூப்பிட்டார்கள். எதிரிகளைச் சுட்டு வீழ்த்திய சிங்கம் என்று ஒருவர் மைக்கில் முழங்கினார். சித்தன் மைக்கை வாங்கினார்.

"ஒருத்தரையும் சுடலீங்க. சுட்டவங்களுக்குச் சோறு கொண்டுபோனமுங்க, நானும் ஒரு கழுதையும்."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த வருஷம் அவரைக் கூப்பிடவில்லை. சிரித்த பிள்ளைகளுக்கு நடுவே ஏழாம் வகுப்பு சந்திரசேகரும் உட்கார்ந்திருந்தான். மறுநாளிலிருந்து அவனுக்குக் கழுதைக்காரன் மகன் என்று பேர்.

அவனுக்கு இப்போது நாற்பத்தெட்டு வயது. போனைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றான்.

"ஆபீஸ்ல இருந்து பதினஞ்சு பேர் வராங்கம்மா. மேனேஜரும் வராரு."

"வரட்டும். சோறு போடலாம்."

"அதில்லம்மா. அப்பா டேங்கு ஓட்டினாருன்னு அவங்ககிட்டச் சொல்லியிருக்கேன்."

"எப்ப இருந்து?"

"வேலைல சேந்த நாள்ல இருந்து. இருபத்திரண்டு வருஷமா."

சட்டைக் கை கிழிந்து, மூக்கொழுக, பள்ளிக்கூடத்திலிருந்து வந்து நின்ற பையன் காளியாயியின் கண்ணில் வந்து போனான். பாவமாகத்தான் இருந்தது. அதற்காகக் கட்டினவருக்கு வேறொருத்தன் உடம்பை ஒட்ட முடியுமா? டிரங்குப் பெட்டியைத் திறந்து, துணிக்கு அடியிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தாள். இளவட்டச் சித்தன், கச்சரின் கழுத்தில் கை போட்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இதப் போடு."

"கழுதையோட நிக்கறதைப் பத்தடி போர்டுல வெச்சா ஊரே சிரிக்கும்மா."

"முன்னயே சிரிச்சாச்சு. அதுக்காவ உங்கப்பாரு பேச்சை மாத்துனாரா?"

"உனக்குப் புரியாதும்மா. கடைக்காரன் அனுப்பினதையே பிரிண்ட் போடச் சொல்றேன்."

"கீழ என்னமோ வரிசையா எழுதியிருக்குதே, அது என்ன?"

"இங்ஙனம்னு குடும்பத்துப் பேருங்க. மொதல்ல உன் பேருதான். மனைவி காளியாயி."

"அத எடுத்துடு."

"என்னம்மா சொல்ற?"

"எம் பேர எடுத்துடச் சொல்லு. எவளோ ஒருத்தி புருஷன் நிக்கிறான். அவனுக்கு நான் எதுக்குப் பொண்டாட்டின்னு எழுதோணும்?"

பொண்டாட்டி உயிரோடு இருக்க, அவள் பேர் இல்லாமல் நினைவஞ்சலி போர்டு வைத்தால் இந்த மலையில் என்ன பேசுவார்கள் என்று சந்திரசேகருக்குத் தெரியும். செத்தவருக்கு வெள்ளக்கடையில் ஒரு குடும்பம், கரடியூரில் ஒரு குடும்பம் என்று ஒரே நாளில் கதை கட்டிவிடுவார்கள்.

"நெசமாத்தான் சொல்றியா?"

"போன் போடு. நானே சொல்றேன்."

போட்டான். கடைக்கார மணிகண்டனின் குரல் ஸ்பீக்கரில் வந்தது. "சொல்லுங்ணா, பிரிண்ட் போட்டுடட்டுங்களா?"

காளியாயி குனிந்து போனுக்குள் கத்தினாள். "ஏஞ்சாமி, அந்த ஒடம்ப எடுத்துடுங்க. பிளேனு, டேங்கு, பொகை எல்லாத்தையும் எடுத்துடுங்க."

"ஏனுங்க ஆயா, நொம்ப நல்லா வந்திருக்குதுங்களே!"

"வந்திருக்கறவரு யாருன்னுதான் தெரியல. வேற போட்டோ வரும். அதுல கழுதை இருக்கும். வெட்டிப்புடாதீங்க."

"கழுதைங்களா?"

"கழுதைதான். காது மொதக்கொண்டு முழுசாத் தெரியோணும்."

மணிகண்டன் சிரிப்பை அடக்குவது கூடம் முழுக்கக் கேட்டது. சந்திரசேகர் போனை அணைத்தான். போட்டோவை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, இரண்டு முறை படம் பிடித்து, கடைக்கு அனுப்பினான். அனுப்பிய பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஞாயித்துக்கிழமை மேனேஜர் பஸ் ஸ்டாப்பைத் தாண்டித்தான் வரணும். நேரா எங்கிட்ட வந்து கேப்பாரு. நான் என்னம்மா சொல்றது?"

காளியாயி பெட்டியை மூடிக் கொக்கியை மாட்டினாள். "உங்கப்பாரு மைக்குல சொன்னதையே சொல்லு" என்று எழுந்து, அவனைத் தாண்டி, வாசலுக்குப் போய்விட்டாள்.